பாம்பு வளர்ப்பவர் பக்கத்து வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்

பாம்பு என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. ஒரு கட்சிக்கு அது கண்ட இடத்தில் அடித்துப் போட வேண்டிய சனியன். இன்னொரு கட்சிக்கு அது ஒரு பாவமும் அறியாத ஜீவன், பயப்படுகிறவர்கள் எல்லாம் விவரம் கெட்டவர்கள். நான் பாம்பு வளர்க்கிறவன், அதனால் என்னை இரண்டாவது கட்சியில்தான் சேர்ப்பார்கள். ஆனால் எனக்கு ஆற்றாமை எல்லாம் என் கட்சிக்காரர்கள் மேல்தான். உலகம் பாம்பை வெறுக்க ஆரம்பித்தது நம்மால் இல்லை, சரி. அந்த வெறுப்பு தணியாமல் இருப்பதில் வளர்க்கிறவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் பயம். பாம்புப் பயம் பிறவியிலேயே வருகிறதா, மற்றவர்களைப் பார்த்து வருகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப காலமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 1980களின் கடைசியில் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த, பாம்பைக் கண்ணால் பார்த்திராத குரங்குகள் பாம்பைக் கண்டு மிரளவில்லை. வேறொரு குரங்கு பொம்மைப் பாம்பைப் பார்த்துப் பதறுவதை வீடியோவில் காட்டியதும் இவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. அதே வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு ஒரு பூவைப் பார்த்துப் பதறுவதுபோல் காட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. யார் பதறினாலும் பூவுக்குப் பயப்பட அவை கற்கவில்லை.

மனிதக் குழந்தைகளிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஜூடி டெலோச்சும் வனெசா லோபூவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் இருந்த குழந்தைகள் பாம்பு ஊரும் படத்தைப் பார்த்து ஒதுங்கவில்லை. ஆனால் பயந்த குரல் ஒன்று பின்னால் ஒலித்தபோது, சந்தோஷக் குரல் கேட்டபோது பார்த்ததைவிட அதிக நேரம் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017இல் ஆறு மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், மீன் படத்தைவிடப் பாம்புப் படத்துக்குக் கண்மணி அதிகமாக விரிந்தது. என் வாசிப்பு இதுதான்: நமக்குள் ஒரு திரி காய்ந்து கிடக்கிறது, அதைப் பற்றவைப்பது பக்கத்தில் இருக்கிறவரின் முகமும் குரலும். ஆகவே பாம்புக்குப் பயப்படுகிற ஒருவரை முட்டாள் என்று சொல்வதில் நியாயமும் இல்லை, பலனும் இல்லை.

அப்புறம் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். அதைப்போல மூன்று மடங்குப் பேர் கை கால் இழந்தோ வேறு நிரந்தர ஊனத்தோடோ பிழைக்கிறார்கள். செத்துப்போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு வயலில் வேலை செய்கிறவர்கள், தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள், நஞ்சுமுறி மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாதவர்கள். 2017இல்தான் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் முன்வரிசையில் சேர்த்தது. சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் கருவி வைத்த கண்ணாடிக் கூண்டில் விஷமில்லாத பாம்பை வைத்துக்கொண்டு, கடி வாங்கிப் பிள்ளையை இழந்த ஒருவரிடம் போய் "பாம்பு ஒன்றும் செய்யாதுங்க" என்று சொல்வது கொடுமை. அந்த வாக்கியத்தை நாம் முதலில் விட்டொழிக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகச் சொல்ல உண்மையான விஷயங்கள் இருக்கின்றன. உலகத்தில் 4,000 வகைப் பாம்புகள் இருக்கின்றன என்றால் அவற்றில் சுமார் 600தான் விஷமுள்ளவை. மனிதனைக் கொல்லவோ மோசமாகக் காயப்படுத்தவோ கூடியவை 200 அளவில்தான். எதிர்ப்படுகிற பெரும்பாலான பாம்புகளின் முதல் யோசனை தப்பிப்பதுதான். சும்மா போன பாம்பைப் பிடிக்கப் போயோ அடிக்கப் போயோ கடிபட்டவர்கள் நிறைய. ஆளை நினைவில் வைத்துத் தேடி வந்து பழிவாங்கும் என்பதெல்லாம் கதை. விலகி நின்று வழிவிட்டாலே பெரும்பாலும் அதன் பாட்டுக்குப் போய்விடும். இதைப் பயப்படுகிறவரின் முகத்தைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

வெறுப்பு மாறாது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் சில ஊர்களில் கிலுகிலுப்பை விரியன்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வந்து கூட்டத்தின் நடுவே கொன்று தோலுரிக்கும் திருவிழாக்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. டெக்சஸின் ஸ்வீட்வாட்டரில் 1958இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டனிலும் அப்படி ஒன்று இருந்தது. 2012இல் அதைக் கொலையில்லாத வனவிலங்கு விழாவாக மாற்றிவிட்டார்கள். திருவிழா நிற்கவில்லை, பாம்பும் மேடையை விட்டு இறங்கவில்லை, கொல்வது மட்டும் நின்றது. ஊரைத் திட்டி இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது என்றுதான் நான் நம்புகிறேன்.

சரி, வீட்டுக்குள் வருவோம்.

என்னிடம் இருப்பது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்தது, விஷமில்லாதது, ஆரஞ்சு நிறத்தில் செங்கல் நிறத் திட்டுகள். பாம்பு வளர்ப்பு எவ்வளவு மெதுவான வேலை என்று தெரிய அது சட்டை உரிப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் நிறம் மங்கும். அப்புறம் கண் இரண்டும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிப் பாலேறியதுபோல் ஆகிவிடும். அந்த நாட்களில் அதற்குச் சரியாகப் பார்வை தெரியாது, ஒளிவிடத்தை விட்டு வராது, தின்னாது, தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். பிறகு கண் தானாகத் தெளியும். உரித்துவிட்டதோ என்று நினைப்போம், இன்னும் இல்லை. சில நாள் கழித்து மூக்கு நுனியைக் கரடுமுரடான கட்டையில் தேய்த்து, உதட்டோரம் தோலைக் கிளப்பி, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்பக்கம் வெளியே வரத் தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழற்றிவிட்டு நகர்ந்துவிடும். கிடக்கிற சட்டையை நான் முதலில் எடுத்துப் பார்ப்பது தலைப் பகுதியைத்தான். கண் இருந்த இடத்தில் கடுகளவு கண்ணாடிச் சில்லு மாதிரி இரண்டு வட்டங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை பாம்பின் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தோல் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தாலும் கண்ணை மூடிய தோல் உரியாமல் நின்றுவிட்டாலும் பெரும்பாலும் காரணம் ஈரப்பதம் குறைவு. அதை நகத்தால் நோண்டி எடுக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது, கண்ணே போய்விடும். ஈரமான பாசி வைத்த பெட்டிக்குள் இருக்கவிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் சரியாகவில்லையென்றால் ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர்.

அந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பாம்பு வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். நாய் பூனை பார்க்கிற எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பைப் பார்ப்பதில்லை, நிறையப் பேருக்கு அது தெரிந்த வேலையும் இல்லை.

பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள வராது. அதனால் கூண்டில் ஒரு மூலை வெதுவெதுப்பாகவும் மறு மூலை குளுமையாகவும் இருந்தாக வேண்டும், இரண்டிலும் ஒளிந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். பால் பைத்தான் என்கிற, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளுமையான பக்கம் 25, 26 என்று வைப்பார்கள். ஒளிவிடம் குளுமையான பக்கத்தில் மட்டும் இருந்தால் பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் ஒரே நேரத்தில் அடைய முடியாமல் ஒன்றை விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் சூட்டைத்தான் விட்டுக்கொடுக்கும், அப்புறம் தின்றது செரிக்காமல் கக்கும். கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பான ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராகச் செருகி வைப்பதுதான் நான் பார்க்கிறவற்றில் மிக மோசமானது. அடிவயிறு வெந்துபோகும்வரை பாம்பு அதன்மேலேயே கிடக்கும். கத்தாது, புரளாது, யாருக்கும் தெரியாது.

கூண்டின் அளவு பற்றி வளர்ப்பவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை இருக்கிறது. சின்ன இடத்தில்தான் பாம்பு நிம்மதியாக இருக்கும் என்று இழுப்பறை மாதிரி அடுக்குப் பெட்டிகளில் ஆயுள் முழுக்க வைத்திருக்கிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. தன் உடம்பை முழு நீளத்துக்கு நீட்ட முடியாத இடத்தில் ஒரு பிராணியை இருபது வருஷம் வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்கு நல்ல காரணம் வேண்டும், அவர்கள் சொல்கிற காரணங்கள் பெரும்பாலும் வளர்ப்பவரின் வசதிக்காக இருக்கின்றன. திறந்த வெளியில் பாம்பு மிரள்கிறது என்றால் ஒளிவிடங்களைக் கூட்ட வேண்டும், இலைதழை போட வேண்டும், ஏறக் கிளை வைக்க வேண்டும். ராத்திரி என் பாம்பு கிளையில் ஏறிப் போகிற விதத்தைப் பார்த்தவர் யாரும் அதற்கு இடம் தேவையில்லை என்று சொல்ல மாட்டார்.

உணவுக்கு உறையவைத்த எலிதான். வெந்நீரில் வைத்து நன்றாக இளகி வெதுவெதுப்பானதும் இடுக்கியில் பிடித்துக் கொடுப்பது. பாம்பு உடம்பின் தடித்த பகுதி எவ்வளவோ எலியும் ஏறக்குறைய அவ்வளவு. உயிருள்ள எலியைப் போட்டு வேடிக்கை பார்க்கிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. எலிக்கும் கொடுமை, பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடுவதும் நடக்கிறது. தின்றபின் இரண்டு நாளாவது தொடக்கூடாது. வளர்ப்புப் பாம்பு கடிப்பதில் நிறைய, கையில் எலி வாசனையோடு போனதால் வருகிறது. அது கோபம் இல்லை, நம் கையை இரை என்று நினைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அன்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "என் பாம்புக்கு என்மேல் பாசம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாம்பு நம்மைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. நாக்கை நீட்டி நீட்டி இந்த வாசனை ஆபத்தில்லை என்று தெரிந்துகொள்கிறது. கையில் அசையாமல் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் கையின் சூட்டுக்காக. எனக்கு இதுவே போதும். என்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஓர் உயிரைக் கவனித்துக்கொள்வதில் இருக்கிற மன அமைதி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இதை முத்தம் கொடுக்கிற படமாக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு ஊர்வனவற்றின் உடம்பில், மனிதருக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மொனெல்லா கிருமி எந்த நோய்க்குறியும் இல்லாமல் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீடு என்றால் மிகவும் கவனம் வேண்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பது, இவ்வளவுதான் விஷயம், ஆனால் ஒரு நாள்கூட விடக்கூடாது.

வாங்கும்போது யோசிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஆயுள். கார்ன் ஸ்நேக் 15, 20 ஆண்டு சாதாரணமாக இருக்கும். பால் பைத்தான் 30 ஆண்டு வாழும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் இருந்த பால் பைத்தான் ஒன்று 2020இல், 60 வயதைக் கடந்த பிறகு, பல வருஷமாக ஆண் பாம்பின் அருகே போகாமலேயே முட்டையிட்டது. பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்படுகிறான் என்று வாங்கித் தருகிற பெற்றோர், அவன் வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பாம்பு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, அது எங்கிருந்து வருகிறது. காட்டிலிருந்து பிடித்து வந்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்கிறவர்களிடமும் கேள்வி கேட்க வேண்டும். பால் பைத்தானில் 'ஸ்பைடர்' என்று ஒரு நிறவகை, பார்க்க அத்தனை அழகு. ஆனால் தலை ஆடும், திருகும், சில பாம்புகள் இரையைக் குறிவைத்துப் பிடிக்கக்கூடத் தடுமாறும். 2022இல் வந்த ஓர் ஆய்வு, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காதின் அமைப்பே அவற்றில் கோணலாக உருவாகியிருப்பதைப் படம்பிடித்துக் காட்டியது. தெரிந்தே அதை இன்னும் உற்பத்தி செய்து விற்கிறார்கள், நாம் வாங்குவதால்தான் விற்கிறார்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நியூசிலாந்தில் பாம்பே வளர்க்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் உரிமம் வாங்கி உள்நாட்டுப் பாம்பை வளர்க்கலாம், வெளிநாட்டுப் பாம்பு கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க இடம் தரவில்லை. இருக்கும் இடத்தின் சட்டத்தைப் படிக்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். விஷப்பாம்பை வீட்டில் வைப்பதை எந்தச் சட்டம் அனுமதித்தாலும் நான் ஆதரிக்க மாட்டேன், ஒரு கடி வாங்கினால் அதற்கான நஞ்சுமுறி மருந்து யாருக்காக வைத்திருந்ததோ அவர்களிடமிருந்து எடுத்துத்தான் நமக்குப் போட வேண்டியிருக்கும்.

இனி மன்னிக்கவே முடியாத விஷயம்: வளர்க்க முடியவில்லையென்று வெளியில் கொண்டுபோய் விடுவது. "சுதந்திரம் கொடுத்தேன்" என்கிறார்கள். பர்மிய மலைப்பாம்பு குஞ்சாக வரும்போது கையில் அடங்கும், சில ஆண்டுகளில் 3, 4 மீட்டர் ஆகிவிடும். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அப்படி விடப்பட்டவையும் தப்பியவையும் பெருகி என்ன ஆனது என்று 2012இல் வந்த ஆய்வு சொன்னது: 1990களின் கணக்கோடு ஒப்பிட்டால் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99.3 விழுக்காடு குறைந்திருந்தது, ஒப்போசம்கள் 98.9, பாப்கேட் என்னும் காட்டுப்பூனை 87.5. ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் 1998இல் முதன்முதலாகக் கண்ணில் பட்ட கலிபோர்னியா கிங்ஸ்நேக் என்னும் பாம்புகளும் வளர்ப்பிலிருந்து வந்தவைதான். அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகள் பாம்பு பரவிய இடங்களில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. பாம்பு இல்லாமலே பரிணமித்த பல்லிக்குப் பாம்பைக் கண்டால் ஓட வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஒரு சில மனிதர்களின் பொறுப்பின்மைக்கு அந்தப் பல்லிகளும் செத்தன, இப்போது பிடித்துக் கொல்லப்படுகிற அந்தப் பாம்புகளும் சாகின்றன. பாம்பு வேண்டாமென்றால் ஒப்படைக்க வழி கேளுங்கள். புளோரிடாவில் 2006 முதல் எந்தக் கேள்வியும் அபராதமும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடே இருக்கிறது. வேறு இடங்களில் ஊர்வன காப்பகங்களும் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். தேடினால் கிடைப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் கடன்பட்டிருப்பது இங்கேதான். பாம்பு நுழைய அதன் தலை போகும் அளவு இடைவெளி போதும். கூண்டின் கதவை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது அதன் அன்றாட வேலை. பூட்டு இல்லாத கூண்டு கூண்டே இல்லை. வெயில் காலத்தில் பாம்புகள் சுறுசுறுப்பாகிவிடும், பிரிட்டனின் ஆர்எஸ்பிசிஏ என்னும் விலங்கு நல அமைப்பு கோடைதோறும் இதைச் சொல்லி வளர்ப்பவர்களை எச்சரிக்கிறது. தப்பிவிட்டால் முதலில் அறைக் கதவுகளைச் சாத்திக் கீழிடுக்கில் துணி செருகுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், சோபாவின் அடித்துணிக்குள், இப்படிச் சூடும் இடுக்கும் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். ராத்திரி தரையில் மாவு தூவி வைத்தால் காலையில் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தடம் காட்டும். வீட்டை விட்டு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், வெட்கப்படாமல், அன்றைக்கே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்: என்ன பாம்பு, விஷமில்லை, என்ன நிறம், பார்த்தால் அடிக்காமல் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். மறைத்து வைத்துப் பிறகு அவர்கள் குளியலறையில் கண்டுபிடித்தால், அந்தத் தெருவில் இனி எந்தப் பாம்பும் உயிர் பிழைக்காது, காட்டுப் பாம்பும் சேர்த்துத்தான்.

கழுத்தில் போட்டுக்கொண்டு பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் போவதும் இதே கணக்கில்தான் வரும். பயப்படுகிறவருக்கு அந்த இடத்தில் விலகிப் போகும் உரிமையைக்கூட நாம் பறிக்கிறோம். பாம்புக்கும் அது வேதனை. விளம்பரம் என்று பார்த்தால்கூட அங்கே கிடைப்பது வளர்ப்பவருக்குத்தான்.

என் நண்பனின் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். பாம்பு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி, அந்த அறைக் கதவைப் பூட்டி, சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து அவரே, "கதவைத் திறக்காதே தம்பி, நான் இந்த ஜன்னல் வழியாப் பார்க்கிறேன்" என்றார். பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அது தூங்குதா, முழிச்சிருக்கா?"

"சொல்ல முடியாதும்மா, அதுக்கு இமையே கிடையாது."

"அப்போ கண்ணுல தூசி விழுந்தா?"

கண்ணை மூடியிருக்கும் கண்ணாடித் தோல் பற்றி, அது சட்டையோடு சேர்ந்து கழன்று புதிதாவது பற்றிச் சொன்னேன். பழைய சட்டை ஒன்றைக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அவருக்குப் பாம்பென்றால் பயம்தான். ஆனால் வீட்டுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை, வந்தால் "அது சாப்பிட்டதா" என்று கேட்கிறார். பயத்தோடு இருக்கிற ஒருவர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தால் மட்டும்தான் இதெல்லாம் நடக்கிறது. தொட்டுப் பாருங்கள், ஒரே ஒரு தடவை, பயம் போய்விடும் என்று கையைப் பிடித்து இழுக்கிற வளர்ப்பாளர்களைத் தயவுசெய்து யாராவது தடுத்து நிறுத்துங்கள்.

கடைசியாக, பாம்பு வளர்க்கிறவர்கள் பலரும் தள்ளிப்போடும் ஒரு வேலை. நமக்குத் திடீரென்று ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் கூண்டை யார் திறப்பார்கள்? பாம்புக்குப் பயப்படாத, ஒத்துக்கொண்ட ஒருவரின் பெயர், மருத்துவரின் எண், பாம்பின் இனம், விஷமில்லை என்ற ஒரு வரி, இரண்டு பக்க வெப்பநிலை, கடைசியாகத் தின்ற தேதி, எலி உறைபெட்டியில் எங்கே இருக்கிறது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேலேயே ஒட்டுங்கள். நல்ல உடல்நிலையில் இருக்கிற வளர்ந்த பாம்பு சில வாரம் தின்னாமல் தாங்கும், ஆகவே அந்த ஆள் அவசரப்பட்டு எதையும் கொடுக்க வேண்டியதில்லை, தண்ணீர் மாற்றினால் போதும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். தாளை எழுதி முடித்ததும் அந்த நண்பரை ஒரு நாள் வரச்சொல்லி, நீங்கள் பக்கத்தில் நிற்க, கூண்டை அவர் கையாலேயே ஒரு தடவை திறந்து தண்ணீர் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.